ஐக்கிய அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு நன்கொடைகள்

ஐக்கிய அமெரிக்காவில் பல்கலைக்கழக விளையாட்டு அணிகளுக்கும் அவற்றில் ஆடும் மாணவர்களுக்குமாகப் பழைய மாணவர்களும் ஆதரவாளர்களும் வழங்கும் பணம் கல்லூரி விளையாட்டு நன்கொடை எனப்படுகிறது. நுழைவுச்சீட்டு விற்பனை, தொலைக்காட்சி ஒளிபரப்பு உரிமை ஆகியவற்றோடு இதுவும் விளையாட்டுத் துறைகளின் முதன்மையான வருவாய்களுள் ஒன்றாகும். மாணவரின் பெயரால் திரட்டப்பட்டாலும் இப்பணம் மாணவரின் கைக்கு நேரடியாகச் செல்வது நெடுங்காலம் தடைசெய்யப்பட்டிருந்தது.

திரட்டும் முறை

பெரும்பாலும் பல்கலைக்கழகத்தை ஒட்டி இயங்கும் தனி அறக்கட்டளை ஒன்றே நன்கொடையைப் பெறுகிறது. தென் கரொலைனாவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் 1934 இல் தொடங்கப்பட்ட இப்டே இத்தகைய பழைய அமைப்புகளுள் ஒன்று. 'ஆண்டுக்குப் பத்து டாலர் தருகிறேன்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே அதன் பெயர்.

விளையாட்டரங்கில் நல்ல இருக்கையைப் பெறவும் ஆண்டுதோறும் நன்கொடை கொடுக்க வேண்டியிருப்பது வழக்கம். இதில் 80 விழுக்காட்டுக்கு இருந்துவந்த வரிவிலக்கை 2017 ஆம் ஆண்டின் வரிச்சட்டம் நீக்கியது. கொடை, விலை ஆகிய இரண்டுக்கும் இடையிலான கோடு இங்கே மிக மெல்லியது.

நிலைநிதியும் உதவித்தொகையும்

சில நன்கொடைகள் அந்தந்த ஆண்டிலேயே செலவிடப்படுகின்றன. வேறு சில, முதலைத் தொடாமல் முதலீடு செய்யப்படும் நிலைநிதிகளாகின்றன. நிலைநிதியின் மதிப்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு மட்டுமே எடுக்கப்படும். எனவே ஒரு மில்லியன் டாலர் கொடுத்தாலும் ஆண்டுக்குக் கிடைப்பது 40,000 முதல் 50,000 டாலர்தான். கட்டணம் மிகுந்த தனியார் பல்கலைக்கழகங்களில் ஒரு மாணவரின் முழுச் செலவுக்கே இது போதாது.

உதவித்தொகையின் பெரும்பகுதி விளையாட்டுத் துறையின் கணக்கிலிருந்து பல்கலைக்கழகத்தின் கட்டணக் கணக்குக்கு மாற்றப்படுகிறது. ஒரு பையிலிருந்து எடுத்து மறு பையில் இடுவது போன்றது இது. படிப்புக் கட்டணத்துக்கான உதவித்தொகைக்கு வரி இல்லை. உணவு, விடுதிக்கான பகுதி வரிக்குரியது என்பதைப் பல மாணவர்கள் அறிவதில்லை.

கொடையாளர் குறித்த நோக்கம் சட்டப்படி கட்டுப்படுத்தும். அரங்கம் கட்டக் கொடுத்த பணத்தை உதவித்தொகைக்குத் திருப்ப இயலாது. ஆகவே நிபந்தனையற்ற நன்கொடையையே நிர்வாகிகள் பெரிதும் விரும்புவர். 2023 நவம்பரில் டெக்சாசு ஏ அண்டு எம் பல்கலைக்கழகம் தன் கால்பந்துப் பயிற்றுநரை 75 மில்லியன் டாலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டுக் கடப்பாட்டுடன் நீக்கியது. அதனை விளையாட்டுத் துறையும் அதன் நன்கொடை அறக்கட்டளையுமே ஏற்கும் என்று அறிவிக்கப்பட்டது.

பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972 ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டமும் இங்கே பொருந்தும். ஆண்கள் அணிக்கு மட்டுமென நன்கொடை வந்தாலும், பெண்கள் அணிக்கு நிகரான வசதி அளிக்கும் பொறுப்பு பல்கலைக்கழகத்தினுடையது.

ஒக்லகோமா மாநிலப் பல்கலைக்கழகம்

எண்ணெய்த் தொழிலதிபர் பூன் பிக்கன்சு 2005 இன் இறுதியில் இப்பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கு 165 மில்லியன் டாலர் வழங்கினார். அப்பணம் உடனே அவருடைய முதலீட்டு நிதியிலேயே இடப்பட்டது. முதலில் வளர்ந்தது; 2008 நிதி நெருக்கடியில் பெருமளவு வீழ்ந்தது. கட்டுமானத் திட்டங்கள் தள்ளிப்போயின.

2007 இல் தொடங்கிய மற்றொரு திட்டம் இதனினும் விந்தையானது. முதிய ஆதரவாளர்கள் 27 பேருக்குத் தலா 10 மில்லியன் டாலர் ஆயுள் காப்பீடு எடுக்கப்பட்டது. அவர்கள் இறக்கும்போது காப்பீட்டுத் தொகை விளையாட்டுத் துறைக்கு வரும். இரண்டு ஆண்டுகளில் எவரும் இறக்கவில்லை. தவணைச் சுமை தாளாமல் திட்டம் கைவிடப்பட்டது. கட்டிய ஏறத்தாழ 33 மில்லியன் டாலரை மீட்கத் தொடுத்த வழக்கும் வெல்லவில்லை.

நேரடிப் பணமும் 2021 க்குப் பிந்தைய மாற்றமும்

டெக்சாசின் சதர்ன் மெதடிசுடு பல்கலைக்கழகத்தில் ஆதரவாளரின் பணம் கால்பந்து வீரர்களுக்கு மறைவாகக் கொடுக்கப்பட்டது வெளிவந்தபோது, தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் அப்பல்கலைக்கழகத்தின் 1987 ஆம் ஆண்டுப் பருவம் முழுவதையும் நீக்கியது. பெயர், உருவம் ஆகியவற்றின் விளம்பரப் பயனுக்காக மாணவர் பணம் பெறலாம் என்று அதே சங்கம் 2021 சூலை 1 முதல் ஏற்றுக்கொண்டது. உடனே கொடையாளர் பணத்தைத் திரட்டி வீரர்களுடன் ஒப்பந்தம் செய்யும் கூட்டமைப்புகள் தோன்றின. அவற்றுள் பல அறநிறுவனத்துக்குரிய வரிவிலக்குக்குத் தகுதியற்றவை என்று 2023 இல் வருமானவரித் துறையின் குறிப்பு கூறியது. பயன் பெறுவோர் பொதுமக்கள் அல்லர், வீரர்களே என்பது அதன் வாதம்.

2025 சூன் 6 அன்று அவுசு வழக்கின் உடன்பாட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. இதன்படி 2025–26 இல் ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஏறத்தாழ 20.5 மில்லியன் டாலர் வரை வீரர்களுக்கு நேரடியாகப் பகிர்ந்தளிக்கலாம். முன்னாள் வீரர்களுக்கு ஏறத்தாழ 2.8 பில்லியன் டாலர் இழப்பீடும் வழங்கப்படவேண்டும். இவ்விழப்பீட்டின் பெரும்பகுதி ஆண்களின் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் செல்வது ஒன்பதாம் தலைப்புச் சட்டத்துக்கு முரணானது என்று எட்டுப் பெண் வீரர்கள் அதே மாதத்தில் மேல்முறையீடு செய்தனர்.