‘டி’ எடுத்தாலும் பாஸ்தானே?

ஃப்ரீமான்ட், டப்ளின், சான் ரமோன் என்று கலிஃபோர்னியாப் புறநகர்களில், நல்ல பள்ளிக்கூடம் என்பதற்காகவே தலைக்கு மேல் கடன் வாங்கி வீடு பிடித்தவர்கள் நம்மில் ஏராளம். அந்தப் பள்ளியின் கிரேடு விதிகளை ஒருமுறையாவது உட்கார்ந்து படித்தவர்கள் சொற்பம். ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பரில் ஒரே கதையைத்தான் கேட்கிறேன். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு. பல்கலைக்கழக விண்ணப்பத்தைத் திறந்துவைத்து ஒவ்வொரு பாடமாக நிரப்புகிறார்கள். பத்தாம் வகுப்பு கெமிஸ்ட்ரியில் ஒரு செமஸ்டர் ‘டி’. “பாஸ்னுதானே சொன்னாங்க?” என்கிறார் அப்பா.

சொன்னது பொய்யில்லை. ‘டி’ எடுத்தால் பள்ளி கிரெடிட் தரும், டிப்ளமாவும் தரும். ஆனால் யூ.சி., சி.எஸ்.யூ. என்ற இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளுக்கும் அது பாஸ் இல்லை, ‘சி’ வேண்டும். பள்ளிப் படிப்பை முடிப்பதற்கு ஓர் அளவுகோல், பல்கலைக்கழகத் தகுதிக்கு இன்னொன்று. மாநிலச் சட்டப்படி டிப்ளமாவுக்குக் குறைந்தது இரண்டு வருடக் கணக்கு போதும், யூ.சி. மூன்று வருடம் கேட்கிறது. ஆகவே கறுப்பு அங்கி போட்டு, தொப்பியைத் தூக்கிப் போட்டுப் படம் எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு யூ.சி.க்கு விண்ணப்பிக்கும் தகுதியே இல்லாமல் போகலாம். கவுன்சலர் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா? வேண்டும்தான். ஒருவர் தலையில் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கட்டிவிட்டு, அவர் உங்கள் வீட்டுப் பிள்ளையின் தாளை எடுத்துப் பார்ப்பார் என்று காத்திருப்பது உங்கள் தவறு.

யூ.சி. கேட்பது ‘ஏ-ஜி’ என்ற பதினைந்து முழு ஆண்டுப் பாடங்கள்: வரலாறு 2, ஆங்கிலம் 4, கணக்கு 3, அறிவியல் 2, வேற்றுமொழி 2, கலை 1, விருப்பப் பாடம் 1. இதில் பதினொன்றைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். ஜி.பி.ஏ. கணக்கில் ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்தவை மட்டுமே சேரும். ஒன்பதாம் வகுப்பு கிரேடு அந்தச் சராசரியில் வராது. ஆனால் அங்கே ‘டி’ வாங்கினால் பொதுவாக அந்தப் பாடம் கழிந்ததாகாது. கூடுதல் புள்ளி தரும் ஆனர்ஸ், ஏ.பி. வகுப்புகளுக்கும் வரம்பு உண்டு: எட்டு செமஸ்டர், அதில் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் கிடையாது. பள்ளி அச்சடித்துத் தரும் 4.6, 4.7 எல்லாம் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொள்ள உதவும். யூ.சி. தன் கணக்கைத் தானே போடும்.

இன்னொரு கண்ணி. பள்ளி ‘ஆனர்ஸ்’ என்று பெயர் வைத்த வகுப்பெல்லாம் யூ.சி.க்கு ஆனர்ஸ் அல்ல. ஒவ்வொரு பள்ளிக்கும் யூ.சி. அங்கீகரித்த பாடங்களின் பட்டியல் யூ.சி.யின் ஏ-ஜி இணையதளத்தில் பொதுவில் கிடக்கிறது. பள்ளியின் பெயரையும் ஆண்டையும் கொடுத்தால் வரும்; ஆனர்ஸுக்குத் தனிக் குறியீடும் அதிலேயே இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் அடுத்த ஆண்டுப் பாடங்களைத் தேர்வு செய்யும் படிவம் வரும்போது அந்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள். வாட்ஸப் குழுவில் யாரோ சொன்னதை வைத்து நிரப்பாதீர்கள்.

சரி, ‘டி’ விழுந்துவிட்டது. அதே பாடத்தைத் திரும்ப எடுத்து ‘சி’யோ அதற்கு மேலோ வாங்கினால் யூ.சி. புதிய கிரேடைக் கணக்கில் கொள்ளும். ‘டி’, ‘எஃப்’ இரண்டுக்கும்தான் இந்தச் சலுகை. ‘சி’யை ‘ஏ’ ஆக்கத் திரும்பப் படித்தால் அதை யூ.சி. கண்டுகொள்ளாது. கோடை வகுப்போ ஆன்லைன் வகுப்போ, பணம் கட்டும் முன் கவுன்சலரிடம் இரண்டு கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள்: இந்த நிறுவனத்தின் இந்தப் பாடம் ஏ-ஜி அங்கீகாரம் பெற்றதா? கிரேடைப் பள்ளி தன் டிரான்ஸ்கிரிப்டில் ஏற்றுமா? இரண்டும் வேறு வேறு கேள்விகள். வாசலில் நின்று வாய்மொழியாக வாங்கிய பதில் ஆறு மாதம் கழித்து யாருக்கும் நினைவில் இருக்காது.

போட்ட கிரேடே தவறு என்றால் என்ன செய்வது? இங்கேதான் நம் ஆட்கள் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நேராகப் பிரின்சிபாலுக்கு மூன்று பக்கம் எழுதி, பள்ளி வாரியம் முழுவதற்கும் நகல் அனுப்பி, ‘என் மகள் எட்டாம் வகுப்பு வரை ஏ வாங்கியவள்’ என்று முடிப்பார்கள். அதனால் ஓர் எழுத்துகூட மாறாது. கலிஃபோர்னியா கல்விச் சட்டத்தின் 49066-வது பிரிவு, கிரேடு போடும் அதிகாரத்தை ஆசிரியருக்கே தருகிறது. எழுத்துப் பிழை அல்லது கணக்குப் பிழை, மோசடி, தீய நோக்கம், திறமையின்மை இவற்றில் ஒன்று இருந்தாலொழிய அவர் போட்டதே இறுதி. அவருக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் சூப்பரின்டென்டென்டே நினைத்தாலும் மாற்ற முடியாது. ‘ஆசிரியர் ரொம்பக் கறார்’ என்பது சட்டம் ஏற்கும் காரணம் அல்ல. ‘ஒரு மார்க்கில் போச்சு’ என்பதும் அல்ல.

ஜெயிக்கக்கூடியது பெரும்பாலும் கணக்குப் பிழை ஒன்றுதான். அதற்குச் சான்று வேண்டும். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும்போது ஆசிரியர் தரும் சிலபஸ் தாளில் தேர்வுக்கு எத்தனை சதவீதம், வீட்டுப்பாடத்துக்கு எத்தனை, தாமதமானால் எவ்வளவு குறைப்பு, மறுதேர்வு உண்டா என்று எல்லாம் இருக்கும். அதைப் படித்து, நகல் எடுத்து வையுங்கள். ஏரீஸ், இன்ஃபினிட் கேம்பஸ் என்று உங்கள் பள்ளி எதில் மதிப்பெண் ஏற்றுகிறதோ, செமஸ்டர் முடியும் முன்பே அந்தப் பக்கங்களைப் படமெடுத்து வையுங்கள். செமஸ்டர் முடிந்ததும் விவரங்கள் மறைந்து கடைசி எழுத்து மட்டும் நிற்பது பல பள்ளிகளில் வழக்கம். திரும்பவும் சொல்கிறேன், முடியும் முன்பே.

முதலில் ஆசிரியரிடம் பிள்ளையே பேசட்டும். நாகரிகமாகக் கேட்டால் பாதி விவகாரம் அங்கேயே தீரும். தீரவில்லை என்றால் நீங்கள் ஆசிரியருக்கு நாலு வரி எழுதுங்கள்: எந்தத் தேர்வு, எந்தத் தேதி, சிலபஸ்படி என்ன வர வேண்டும், என்ன வந்திருக்கிறது. கவுன்சலருக்கு நகல். அடுத்து உதவிப் பிரின்சிபால், பிறகு பிரின்சிபால். அதற்கிடையில் பள்ளி ஆவணங்களைப் பார்க்க எழுத்தில் கேளுங்கள், 49069.7-வது பிரிவின்படி கேட்ட ஐந்து வேலை நாட்களுக்குள் காட்டியாக வேண்டும். ‘அடுத்த மாதம் வாருங்கள்’ என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள். குரல் தானாக மாறும்.

அதற்கும் மசியவில்லை என்றால் 49070. டிஸ்ட்ரிக்ட் சூப்பரின்டென்டென்டுக்கு, ஆவணத்தில் உள்ள தவறான பதிவைத் திருத்தக் கோரி எழுத்துபூர்வ மனு. 30 நாட்களுக்குள் அவர் உங்களையும், பதிவு செய்தவர் இன்னும் அந்த டிஸ்ட்ரிக்டில் வேலையில் இருந்தால் அவரையும் உட்காரவைத்துப் பேச வேண்டும். மறுத்தால், மறுத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பள்ளி வாரியத்துக்கு மேல்முறையீடு. இந்த 30 நாள் உங்களுக்கான கெடு. பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கதை முடிந்தது. வாரியமும் மறுத்தால் உங்கள் ஆட்சேபணையை எழுதித் தரலாம், அது ஆவணத்தோடு சேர்க்கப்படும். மனுவில் சட்டம் சொல்லும் சொற்களையே காரணமாக எழுதுங்கள். கண்ணீரை அதில் சேர்க்காதீர்கள்.

பெயிலாகும் நிலை வந்தால் பள்ளி பெற்றோரைச் சந்திக்க வேண்டும், அல்லது எழுத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். 49067 அதைக் கட்டாயமாக்குகிறது. அனுப்பியிருப்பார்கள். பள்ளியிலிருந்து வரும் மின்னஞ்சல்களையெல்லாம் ஒரு ஃபோல்டரில் ஒதுக்கிவிட்டு, ‘எங்களுக்குத் தெரியாது’ என்று சொல்வதில் பயனில்லை. பெற்றோர் பதில் சொல்லாததால் ‘எஃப்’ போடுவது நிற்காது என்றும் அதே பிரிவு சொல்கிறது.

விடுப்பு விஷயம் நமக்கென்றே உள்ள தலைவலி. டிசம்பர் விடுமுறையோடு இரண்டு வாரம் ஒட்டவைத்துச் சென்னைக்குப் போகிறோம். பல பள்ளிகளில் செமஸ்டர் இறுதித் தேர்வு அந்த நேரத்தில்தான். காய்ச்சல், நெருங்கிய உறவினரின் இறுதிச் சடங்கு போன்ற அனுமதிக்கப்பட்ட விடுப்பு என்றால், விட்ட தேர்வையும் வீட்டுப்பாடத்தையும் நியாயமான அவகாசத்தில் முடித்து முழு மதிப்பெண் பெற 48205-வது பிரிவு உரிமை தருகிறது. தீபாவளி போன்ற சமய நாளுக்கும் பெற்றோர் எழுத்தில் கேட்டுப் பிரின்சிபால் ஒப்புக்கொண்டால் அது பொருந்தும். மலிவாகக் கிடைத்த விமான டிக்கெட்டுக்குப் பொருந்தாது. போயே ஆக வேண்டும் என்றால் ‘இண்டிபெண்டென்ட் ஸ்டடி’ ஒப்பந்தம் கிடைக்குமா என்று டிக்கெட் போடும் முன் கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து அல்ல.

சமூகக் கல்லூரி வகுப்புகள் இப்போது ஒரு மோகம். ஓலோனி, டி ஆன்ஸா, லாஸ் பொசிடாஸ் என்று பதினைந்து வயதில் சேர்த்துவிடுகிறார்கள். நல்ல வசதிதான்: மூன்று செமஸ்டர் யூனிட் கல்லூரிப் பாடம் ஏ-ஜியில் ஒரு வருடப் பாடமாக எண்ணப்படும். ஆனால் அது கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்ட். அங்கே வாங்கிய ‘டி’ நாளைக்கு மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போதும் கூடவே வரும், மறைக்கவும் கூடாது. அதைவிட முக்கியம்: கல்லூரி ஆவணத்தின் மீதான உரிமை, வயது என்னவானாலும், மாணவருக்கே என்கிறது 1974-ன் ஃபெர்பா சட்டம். பணம் கட்டியது நான், கிரேடைக் காட்டு என்று அலுவலகத்தில் சண்டை போட முடியாது. உயர்நிலைப் பள்ளியிலும் பிள்ளைக்குப் பதினெட்டு ஆன நாளில் உரிமை கைமாறுகிறது.

பிள்ளைக்குக் கவனக் குறைவோ, எழுத்துத் தடுமாற்றமோ இருப்பதை மறைக்கும் வீடுகளை நினைத்தால் கோபம்தான் வருகிறது. சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு வேண்டும் என்று எழுத்தில் கேட்டால் பொதுவாக 15 நாட்களுக்குள் மதிப்பீட்டுத் திட்டம் தர வேண்டும். நீங்கள் கையெழுத்திட்ட பின் 60 நாட்களுக்குள் மதிப்பீட்டை முடித்துக் கூட்டம் நடத்த வேண்டும். செலவு டிஸ்ட்ரிக்டுடையது. தேர்வுக்குக் கூடுதல் நேரம் போன்ற உதவிக்கு 504 திட்டம் உண்டு. அது டிரான்ஸ்கிரிப்டில் ஏறி மானத்தை வாங்கும் என்ற பயம் வீண்.

தமிழ்ப் பள்ளியில் படிப்பதை வேற்றுமொழிப் பாடமாக ஏற்கும் டிஸ்ட்ரிக்டுகள் உண்டு, ஏற்காதவையும் உண்டு. ஸ்பானிஷை விடும் முன் எழுத்தில் உறுதி வாங்குங்கள். 2011 சட்டத்தில் வந்த இருமொழித் திறன் முத்திரையைத் தமிழுக்கும் பெறலாம். பள்ளி தானாகத் தராது, கவுன்சலரிடம் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும்.

கடைசியாக, பன்னிரண்டாம் வகுப்பு. யூ.சி. விண்ணப்பத்தில் கிரேடுகளை நீங்களே நிரப்புகிறீர்கள். டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்து எழுதுங்கள், ஞாபகத்திலிருந்து வேண்டாம். மார்ச்சில் இடம் கிடைத்ததும் கேக் வெட்டுகிறோம். அந்த இடம் நிபந்தனைக்கு உட்பட்டது. கடைசி வருடத்தில் ‘டி’ விழுந்தாலோ, சொல்லியிருந்த வகுப்பை விட்டாலோ உடனே யூ.சி.க்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் இடம் ரத்தாகலாம், ரத்தாகியும் இருக்கிறது. இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும். பள்ளி ரெஜிஸ்ட்ராரிடம் மே மாதத்திலேயே விண்ணப்பித்து, ஜூன் நடுவில் போய்விட்டதா என்று ஒருமுறை உறுதிசெய்துகொண்ட பிறகு ஊருக்கு டிக்கெட் போடுங்கள். கோடை பிறந்தால் பல பள்ளி அலுவலகங்களில் போனை எடுக்க ஆள் இருக்காது.