வாசற் கோலத்தை மதித்த ஆசிரியர்

புத்தகத்தில் உள்ளதுதான் கல்வி என்று எண்ணுவோர் நம்மில் பலர். தறியில் அமர்ந்து கரை போடுகிறவருக்கும், வயல் வரப்பில் நின்று மேகம் பார்க்கிறவருக்கும் தெரிந்திருப்பது வெறும் கைப்பழக்கமே என்பது அவர்களுடைய அபிப்பிராயம். அது தவறு என்பதைத் தம் வாழ்நாள் உழைப்பால் விளக்கிச் சென்றவர், தாம்பரம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராக விளங்கிய காலஞ்சென்ற டாக்டர் கிஃப்ட் சிரோமணி. 1932-ல் பிறந்து 1988-ல் மறைந்த இப்பெரியாரை நம் சங்க அங்கத்தினர்கள் நினைவுகூர்வது பொருத்தமாகும்.

அவர் பணியாற்றிய இடத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. பட்டணத்தின் நெருக்கடி மிகுந்த பகுதியில் நெடுங்காலம் நடைபெற்று வந்த அக்கல்லூரி, 1937-ல் கிழக்குத் தாம்பரத்தில் சேலையூரை ஒட்டிய காட்டு நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. நிலத்தின் பரப்பு சுமார் 365 ஏக்கர். வேதியியல் பேராசிரியர் எட்வர்டு பார்ன்ஸ் என்பவரும் அவருடைய மனைவியார் ஆலிஸ் அம்மையாரும் அங்கே பலவகை மரங்களை நட்டு வளர்த்தார்கள். பார்ன்ஸ் 1941-ல் காலமானார். அவர்கள் தொடங்கிவைத்த சோலை பின்வந்தோருக்கு நிழலாயிற்று. பழைய புதர்க்காட்டின் ஒரு பகுதியும் அழியாமல் நின்றது. மான்களுக்கும் பறவைகளுக்கும் அது புகலிடம். இயற்கையில் ஈடுபாடு கொண்ட ஓர் ஆசிரியருக்கு இதைவிடச் சிறந்த பாடசாலை வேறு எது?

சிரோமணி கற்றது கணிதம். பின்னர்ப் புள்ளியியல் துறையின் தலைவரானார். எதையும் பொறுமையுடன் எண்ணுவதும், எண்ணியதை எழுதிவைப்பதும், எழுதியதிலிருந்து ஒழுங்கைக் கண்டறிவதும் அத்துறையின் வேலை. அந்த வேலையை அவர் வகுப்பறைக்குள் நிறுத்திக்கொள்ளவில்லை. நாள்தோறும் காலையில் நம் வீட்டுப் பெண்கள் வாசலில் இடும் கோலத்திலும் கணிதம் இருப்பதை அவர் கண்டார்.

புள்ளி வைத்து, இழை வளைத்து, ஒரு சிறு கோலத்தையே படிப்படியாகப் பெரிய கோலமாக விரிக்கும் திறமை நம் தாய்மார்களுக்கு உண்டு. ஏட்டில் எழுதாத சில விதிகள் இதற்குள் அடங்கியிருக்கின்றன. ஒரு வாக்கியத்தை அமைக்க இலக்கணம் இருப்பதுபோல் ஒரு கோலத்தை அமைக்கவும் இலக்கணம் உண்டு என்று காட்டும் கட்டுரையை, சிரோமணியும், அவருடைய மனைவியாரும் அதே கல்லூரியின் கணித ஆசிரியருமான ராணி சிரோமணி அவர்களும், கமலா கிருத்திவாசன் அவர்களும் சேர்ந்து 1974-ல் வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரைக் கொண்டு சித்திரங்களை ஆராயும் துறை அப்பொழுது இளம்பருவத்தில் இருந்தது. அத்துறைக்கு உதாரணம் தந்தது நம் வாசற் கோலம்! மார்சியா ஆஷர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 2002-ல் கோலத்தைப் பற்றி எழுதியபோது, சென்னையில் நடந்த இந்த ஆராய்ச்சியையும் எடுத்துரைத்தார். புட்டா ஒன்றை எத்தனை இழைக்கு ஒருமுறை எழுப்பவேண்டும் என்று கணக்கிட்டு ஜக்கார்டு அட்டையில் துளையிடும் நெசவாளருக்கு, இதன் பொருளை அதிகம் விளக்க வேண்டுவதில்லை.

நெசவாளர்கள் அறியவேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. மாமல்லபுரத்துச் சிற்பங்களில் காணும் ஆடைகளையும் அணிகலன்களையும் அவர் கூர்ந்து ஆராய்ந்தார். உடுத்தும் முறை காலத்துக்குக் காலம் மாறுவதால், கல்லில் செதுக்கிய ஆடையின் மடிப்பும் சரித்திரத்துக்குச் சாட்சி சொல்லும். தத்துவ ஆசிரியர் மைக்கேல் லாக்வுட், தாவரவியல் ஆசிரியர் தயானந்தன் ஆகிய இருவருடன் சேர்ந்து அவர் எழுதிய மாமல்லபுர ஆராய்ச்சி நூல் 1974-ல் வெளிவந்தது. தத்துவமும் தாவரவியலும் புள்ளியியலும் கற்பித்த மூவர் ஒரு மலைக்கோயிலின் முன் கூடி உழைத்தது, கூட்டுறவுக்கு ஒரு நல்ல இலக்கணம் அல்லவா?

இனி, விவசாயிகளுக்கு உரிய செய்தி. திருக்கழுக்குன்றத்து மலையில் நண்பகல் வேளையில் இரண்டு கழுகுகள் வந்து அர்ச்சகர் அளிக்கும் அன்னத்தை உண்டு சென்றதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கொண்ட அப்பறவையை மஞ்சள்முகப் பாறு என்பர். பக்தர்கள் அதைக் கும்பிட்டார்கள். சிரோமணி அதைப் பறவை நூலாரின் கண்ணாலும் பார்த்து, பறவை நோக்குவோருக்கான செய்தி ஏடு ஒன்றில் 1977-ல் கட்டுரை வரைந்தார். 1998-க்குப் பின் அங்கே அப்பறவைகள் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்தது இனியும் வரும் என்று ஊரார் இருந்துவிட்டிருப்பர். வந்துகொண்டிருந்த காலத்திலேயே எழுதிவைத்தவர் அவ்வாசிரியர்.

பிணந்தின்னிக் கழுகு இனங்கள் நாடெங்கும் அருகிப்போன காலம் அது. மாட்டின் வலிக்கும் வீக்கத்துக்கும் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்து, இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்னும் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடுகிறது என்பது 2004-ல் நிரூபிக்கப்பட்டது. 2006-ல் இந்திய அரசாங்கம் கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்ற இரண்டும் 2023-ல் தடை செய்யப்பட்டன. மெலாக்சிகாம் என்ற மருந்து கழுகுக்குத் தீங்கு செய்வதில்லை. மாடு வளர்க்கும் அங்கத்தினர்கள் கால்நடை மருத்துவரிடம் இதனைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். செத்த மாட்டை விரைவில் தின்று தீர்த்து ஊரைச் சுத்தமாக வைத்திருந்த பறவைகளுக்கு நாம் செய்யக்கூடிய கைம்மாறு அது.

தாம்பரம், சேலையூர், பள்ளிக்கரணை, மேடவாக்கம் என்று பட்டணம் தெற்கே பரவி வந்திருக்கிறது. ஏரிக்கரையும் வயலும் இருந்த இடங்களில் வீடுகள் எழுந்திருக்கின்றன. வீடு கட்டுவது குற்றமன்று. ஆனால், எந்த ஏரிக்கு எந்தப் பறவை எந்த மாதம் வந்தது, எந்த வயலில் எந்த நெல் விளைந்தது, எந்தத் தறியில் எந்தக் கரை ஓடியது என்பவற்றை அறிந்த பெரியவர்கள் மறையும்போது, எழுதாத அறிவும் அவர்களோடு மறைந்துபோகிறது. அந்த நஷ்டத்தை எந்தப் பாங்கிக் கடனாலும் ஈடு செய்ய இயலாது.

ஆகவே ஒரு யோசனை. ஒவ்வொரு சங்கமும் தன் காரியாலயத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வைக்கட்டும். நெசவாளர்கள் தாங்கள் அறிந்த கரைகளின் பெயரையும் இழைக் கணக்கையும் அதில் எழுதட்டும். விவசாயிகள் விதை, மழை, பறவை ஆகியவற்றைத் தேதியிட்டுக் குறிக்கட்டும். எழுத வராதவர் சொல்ல, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எழுதட்டும். வாசற் கோலத்திடம் பாடம் கேட்ட அந்த ஆசிரியருக்கு நாம் செலுத்தத்தக்க மரியாதை இதுவேயாகும்.