வாரன்ட் இல்லாமல் திறக்கும் கதவு: அமெரிக்காவில் நன்னடத்தைக் காலமும் அந்தரங்க உரிமையும்

1998-இல் கலிபோர்னியாவின் நாபா பகுதியில் மார்க் நைட்ஸ் என்பவர் போதைப்பொருள் குற்றம் ஒன்றில் தண்டிக்கப்பட்டார். நீதிமன்றம் அவரைச் சிறைக்கு அனுப்பவில்லை. நன்னடத்தைக் கண்காணிப்பில் வெளியே இருக்க அனுமதித்தது. கூடவே நிபந்தனைகள் அடங்கிய ஒரு படிவமும் வந்தது. அவருடைய உடல், உடைமை, வீடு, வாகனம் எதையும் எந்த நேரத்திலும், வாரன்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நன்னடத்தை அலுவலரோ காவல் அதிகாரியோ சோதனையிடலாம் என்பது அந்த நிபந்தனைகளில் ஒன்று. படித்தேன், புரிந்துகொண்டேன், உடன்படுகிறேன் என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்திட்டார்.

மூன்று நாள் கழித்து, அந்த ஊரில் மின் நிறுவனத்தின் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றுக்கு யாரோ தீ வைத்தார்கள். பக்கத்திலிருந்த தொலைபேசி நிறுவனத்தின் சாதனங்களும் எரிந்தன. கட்டணம் கட்டாததால் நைட்ஸ் வீட்டின் மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது. நிறுவனத்தோடு அவருக்குத் தகராறு இருந்தது. புலனாய்வு அதிகாரி ஒருவர் அவருடைய வீட்டை நோட்டமிட்டார். நண்பரின் வண்டியில் பெட்ரோல் குண்டும் பித்தளைப் பூட்டும் கண்ணில் பட்டன. படிவத்தில் கையெழுத்து இருப்பது அந்த அதிகாரிக்குத் தெரியும். நீதிபதியிடம் போகாமல் நேராக வீட்டுக்குள் போனார். வெடித்திரி, தோட்டாக்கள், மின் நிறுவனத்தின் முத்திரை பொறித்த ஒரு பூட்டு ஆகியவை கிடைத்தன.

இந்தச் சோதனை செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. செல்லும் என்று 2001 டிசம்பரில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் இன்று சுமார் 30 லட்சம் பேர் நன்னடத்தைக் காலத்தில் இருக்கிறார்கள். அவர்களுடைய வீட்டுக் கதவு எப்போது திறக்கும், யார் சொல்லித் திறக்கும் என்பதைப் புரிந்துகொள்ள இந்தத் தீர்ப்பு நல்ல தொடக்கம். அது சொன்னவற்றைப் போலவே, முடிவு செய்யாமல் விட்டவையும் முக்கியம்.

அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் 1791 முதல் நடைமுறையில் இருக்கிறது. நியாயமற்ற சோதனையிலிருந்து மக்களைக் காப்பதே அதன் வேலை. ஒருவர் வீட்டுக்குள் போலீஸ் நுழைய வேண்டுமென்றால், குற்றத்துக்கான சான்று அங்கே இருக்கிறது என்று நம்பப் போதிய காரணத்தை நடுநிலையான ஒரு நீதிபதியிடம் காட்டி வாரன்ட் வாங்க வேண்டும் என்பது பொது விதி. நன்னடத்தைக் காலத்தில் இருப்பவருக்கு இந்தப் பாதுகாப்பில் பாதிக்கு மேல் கிடையாது. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகு அவருடைய அந்தரங்க எதிர்பார்ப்பு சுருங்கிவிடுகிறது என்றும், மறுபடி குற்றம் செய்யும் வாய்ப்பு மற்றவர்களைவிட அவருக்கு அதிகம் என்றும் நீதிமன்றம் காரணம் சொன்னது. ஆகவே வாரன்ட் வேண்டாம்; 'நியாயமான சந்தேகம்' இருந்தால் போதும்.

நன்னடத்தை முறை தொடங்கியபோது அதன் மனநிலை வேறாக இருந்தது. பாஸ்டனில் காலணி செய்து பிழைத்த ஜான் அகஸ்டஸ் 1841-இல் நீதிமன்றத்தில் ஒரு குடிகாரருக்காகத் தாமே முன்வந்து ஜாமீன் நின்றார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதர் தெளிந்த முகத்தோடு வந்து நிற்க, நீதிபதி ஒரு சென்ட் மட்டும் அபராதம் விதித்து அனுப்பினார். 1859-இல் இறப்பதற்குள் அகஸ்டஸ் ஏறத்தாழ 2,000 பேருக்கு இப்படிப் பொறுப்பேற்றிருந்தார். 1878-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இதைச் சட்டமாக்கியது. திருந்துவார் என்று ஒருவரை நம்பி, கூடவே நடந்து, அந்த நம்பிக்கைக்கு நீதிமன்றத்தில் பதில் சொல்வதுதான் அகஸ்டஸ் செய்த வேலை. இன்றைய நன்னடத்தை அலுவலரின் கையிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. ஆனால் இன்னொரு கையில் சோதனையிடும் அதிகாரமும் இருக்கிறது.

அந்த அதிகாரத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் ஒப்புதல் 1987-இல் விஸ்கான்சின் மாநில வழக்கொன்றில் கிடைத்தது. நன்னடத்தைக் காலத்தில் இருந்த ஜோசப் கிரிஃபின் என்பவரின் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது, அல்லது இருக்கலாம் என்று ஒரு போலீஸ்காரர் நன்னடத்தை அலுவலகத்துக்குத் தகவல் சொன்னார். அலுவலர்கள் போலீஸாரையும் அழைத்துக்கொண்டு வாரன்ட் இல்லாமல் போய்த் தேடினார்கள். மேசை டிராயரில் கைத்துப்பாக்கி இருந்தது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் சோதனையை ஏற்றது. கண்காணிப்பு சரியாக நடக்க வேண்டுமானால் வழக்கமான வாரன்ட் விதியைப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது, இது தனித் தேவை என்பது பெரும்பான்மை சொன்ன காரணம். அந்தக் காரணத்தில் ஒரு வரம்பாவது இருந்தது: கண்காணிப்பவருக்குக் கண்காணிப்புக்காகக் கிடைத்த அதிகாரம் அது. நைட்ஸ் தீர்ப்பு அந்த வரம்பையும் எடுத்துவிட்டது. புதிய குற்றத்தைத் துப்புத் துலக்கும் போலீஸ்காரரும் அதே நிபந்தனையைப் பயன்படுத்தலாம் என்றானது.

நைட்ஸ் தீர்ப்பு இரண்டு கேள்விகளைத் தொடாமல் விட்டது. படிவத்தில் இடும் கையெழுத்தை முழுச் சம்மதமாக எடுத்துக்கொண்டு உரிமையைக் கைவிட்டதாகக் கருதலாமா? சந்தேகமே இல்லாமல், தோன்றும்போதெல்லாம் சோதனையிடலாமா? இரண்டையும் இந்த வழக்கில் தீர்மானிக்கத் தேவையில்லை என்று நீதிபதிகள் விட்டுவிட்டார்கள்.

முதல் கேள்விக்கு என் பதில், கூடாது என்பதுதான். கையெழுத்திடாவிட்டால் சிறை என்ற நிலையில் நிற்பவர் எதற்கும் கையெழுத்திடுவார். வீட்டில் குழந்தை காத்திருக்கும், வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும். அந்த நிலையில் வாங்கும் கையெழுத்துக்கு ஒப்பந்தத்தின் மதிப்பைக் கொடுப்பது நியாயமில்லை. நன்னடத்தை விடுவிப்பு என்பது அரசு காட்டும் கருணை, ஆகவே அரசு சொன்னதைக் கேள் என்ற வாதம் 1935-இல் உச்ச நீதிமன்றத்திலேயே ஒலித்தது. 1973-இல் அதே நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவைத்து, விசாரணை இல்லாமல் ஒருவருடைய நன்னடத்தை விடுவிப்பை ரத்து செய்யக் கூடாது என்றது. சோதனை விஷயத்தில் மட்டும் அந்தப் பழைய கருணைவாதம் வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

இரண்டாவது கேள்விக்கு 2006-இல் பாதிப் பதில் வந்தது. கலிபோர்னியாவின் சான் புரூனோவில் தெருவில் நடந்து போன டொனால்ட் சாம்ஸன் என்பவரை ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். அவர் பரோலில் இருக்கிறார் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லாமலே சோதனை நடந்தது. சிகரெட் பெட்டியில் மெத்தம்ஃபெட்டமின் இருந்தது. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் அதையும் நீதிமன்றம் ஏற்றது. இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பரோல் என்பது சிறைத் தண்டனையின் ஒரு பகுதியை முடித்தவர் மீதிக் காலத்தை வெளியே கழிப்பது. நன்னடத்தை விடுவிப்பு பெரும்பாலும் சிறைக்குப் பதிலாகவே வருவது. பரோலில் இருப்பவர் சிறைக்கு இன்னும் நெருக்கமானவர், ஆகவே அவருடைய உரிமை இன்னும் குறைவு என்பது தீர்ப்பின் அடிப்படை. நன்னடத்தைக் காலத்தில் இருப்பவரைக் காரணமே இல்லாமல் சோதனையிடலாமா என்பதில் நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே பதில் இன்னும் இல்லை. மேற்கு மாநிலங்களுக்கான ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், வன்முறைக் குற்றவாளி ஒருவர் தெளிவான நிபந்தனையை ஏற்றிருந்தபோது செல்லும் என்று 2013-இல் சொன்னது.

மாசசூசெட்ஸ் வேறு வழியில் போயிருக்கிறது. அந்த மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் தன் சொந்த அரசியலமைப்பின்படி 1988-இல் ஒரு நடுவழியைக் கண்டது. நன்னடத்தைக் காலத்தில் இருப்பவரின் வீட்டைச் சோதனையிட முழுமையான காரணம் வேண்டாம், நியாயமான சந்தேகம் போதும். ஆனால் அந்தச் சந்தேகத்தை நீதிபதியிடம் சொல்லி வாரன்ட் வாங்க வேண்டும். அவசர நிலை போன்ற விதிவிலக்குகள் உண்டு. அகஸ்டஸின் மாநிலம் காட்டும் இந்த வழியே சரியானது என்று நினைக்கிறேன். காரணத்தின் அளவைக் குறைத்தாலும், அதிகாரிக்கும் கதவுக்கும் நடுவே மூன்றாமவர் ஒருவர் நிற்கிறார்.

சோதனைக்கு வருபவர்கள் பார்ப்பது ஒரே ஆளின் பொருட்களை மட்டும் அல்ல. நன்னடத்தைக் காலத்தில் இருக்கும் மகன் அம்மாவோடு இருப்பான். அண்ணன் தம்பியின் வாடகை வீட்டில் ஒண்டியிருப்பான். கூடம், சமையலறை போன்ற பொது இடங்களைத் தேடலாம்; மற்றவருக்கு மட்டுமே உரிய அறையையோ பெட்டியையோ தொடக் கூடாது என்பது பொதுவான விதி. நன்னடத்தைக் காலத்தில் இருப்பவர் உண்மையில் அங்கே வசிக்கிறார் என்று நம்ப வலுவான காரணம் இருக்க வேண்டும் என்று ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் கேட்கிறது. கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் 2000-இல் இன்னொரு வேலியும் போட்டது. ஒருவரின் கார் ஷெட்டுக்குள் வாரன்ட் இல்லாமல் நுழைந்துவிட்டு, அவருடைய சகோதரர் நன்னடத்தைக் காலத்தில் இருப்பதைப் பிறகு கண்டுபிடித்து, அதைக் காரணமாகக் காட்ட முடியாது என்றது. எந்தக் குற்றமும் செய்யாத அந்த அம்மாவுக்கும் தம்பிக்கும் எந்தப் படிவத்திலும் கையெழுத்து இல்லை. அவர்களுடைய அலமாரி திறக்கப்படும் அவமானத்தைத் தீர்ப்புகள் அதிகம் பேசுவதில்லை.

சோதனை சட்டவிரோதமாக நடந்தால் என்ன ஆகும்? புதிய குற்ற வழக்கில் அந்தச் சான்றை ஒதுக்கிவைக்கும்படி கேட்கலாம். ஆனால் பரோலை ரத்து செய்யும் விசாரணையில் அந்த ஒதுக்கும் விதியை மாநிலங்கள் பின்பற்ற வேண்டியதில்லை என்று 1998-இல் பென்சில்வேனியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பல மாநில நீதிமன்றங்கள் நன்னடத்தை ரத்து விசாரணையிலும் இதே வழியில் போகின்றன. வழக்கில் செல்லாத சான்று, சிறைக்கு அனுப்பப் போதுமானதாகிவிடுகிறது. அலுவலரிடம் தானாகப் பேசுவதும் ஆபத்துதான். எச்சரிக்கை எதுவும் தராமல் நன்னடத்தை அலுவலர் கேட்டு வாங்கிய ஒப்புதலைக் கொலை வழக்கில் பயன்படுத்தலாம் என்று 1984-இலேயே மின்னசோட்டா வழக்கில் தீர்ப்பானது.

நம் நாட்டில் 1958-ஆம் ஆண்டு குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. அதன் கண்காணிப்பு உத்தரவில் வசிப்பிடம், போதைப் பழக்கம் முதலியவை பற்றி நீதிமன்றம் நிபந்தனை விதிக்கலாம். அந்த நிபந்தனைகள் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்விக்கு, ஜாமீன் வழக்கொன்றில் வந்த தீர்ப்பு வெளிச்சம் தருகிறது. ஜாமீனில் போகும் ஒருவர் தான் இருக்குமிடத்தை கூகுள் வரைபடத்தில் அதிகாரிகளுக்குக் காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையை இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் ரத்து செய்தது. அது அந்தரங்க உரிமையை மீறுகிறது என்றது. ஜாமீனில் இருப்பவர் இன்னும் நிரபராதி, நன்னடத்தையில் இருப்பவர் குற்றம் நிரூபிக்கப்பட்டவர். அந்த வேறுபாட்டை மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவில் அந்த வேறுபாட்டைச் சொல்லியே வேலி ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டது என்பதை நாம் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அலைபேசி வந்த பிறகு விஷயம் இன்னும் கூர்மையாகிவிட்டது. கைதானவரின் அலைபேசியைக்கூட வாரன்ட் இல்லாமல் திறந்து பார்க்கக் கூடாது என்று 2014-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. இரண்டு ஆண்டு கழித்து, நன்னடத்தைக் காலத்தில் இருந்த லாரா என்பவரின் வழக்கில் ஒன்பதாவது வட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சந்திப்புக்கு வராததால் அலுவலர்கள் அவருடைய வீட்டுக்குப் போய், மேசையிலிருந்த அலைபேசியை எடுத்துக் குறுஞ்செய்திகளைப் படித்தார்கள். அவர் கையெழுத்திட்ட படிவம் 'உடைமை' என்றது. அலைபேசிக்குள் இருக்கும் தகவல் அதில் தெளிவாக அடங்காது, சோதனை செல்லாது என்றது நீதிமன்றம். மின்னணுச் சாதனங்களையும் கடவுச்சொற்களையும் படிவத்தில் வெளிப்படையாகவே சேர்த்த நீதிமன்றங்களும் உண்டு.

அப்படிச் சேர்த்த ஒரு நிபந்தனை 2019 ஆகஸ்டில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. வீடு புகுந்து திருடிய வழக்கில் ஒரு சிறுவனுக்கு நன்னடத்தைக் காலம் விதித்த நீதிபதி, அலைபேசியையும் சமூக வலைதளக் கணக்குகளையும் எப்போது வேண்டுமானாலும் சோதனையிடலாம் என்று உத்தரவிட்டிருந்தார். அவன் அலைபேசியைக் குற்றத்துக்குப் பயன்படுத்தியதாக எந்தச் சான்றும் இல்லை. பையன்கள் கஞ்சா புகைப்பதை இணையத்தில் பெருமையாகப் போட்டுக்கொள்வார்கள் என்பதுதான் நீதிபதி சொன்ன காரணம். கிடைக்கக்கூடிய பயனுக்கும் பறிபோகும் அந்தரங்கத்துக்கும் பொருத்தமே இல்லை என்று நால்வர் சொன்னார்கள், மூவர் உடன்படவில்லை.

அந்த வழக்கு மேலே போக முடிந்ததற்கு ஒரு காரணம், நிபந்தனை விதிக்கப்பட்ட அன்றே சிறுவனின் தரப்பு ஆட்சேபித்தது. நிபந்தனை நியாயமற்றது என்று அப்போதே சொல்லாவிட்டால் பிறகு மேல்முறையீட்டில் அந்த வாதத்தை எழுப்ப முடியாது என்பது கலிபோர்னியாவின் பொதுவான விதி. கட்டணம் கொடுத்து வழக்கறிஞரை வைக்க முடியாதவர்களுக்காக அரசு தரும் வழக்கறிஞர், ஒரே காலையில் பல வழக்குகளுக்கு ஓடுகிறார். படிவத்தைக் கட்சிக்காரரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படிக்கவும், எந்த வரியை எதிர்க்க வேண்டும் என்று சொல்லவும் கையெழுத்துக்கு முன் அவருக்கு நேரம் கிடைக்க வேண்டும். அந்த நேரத்தை நீதிமன்றமே ஒதுக்கித் தர வேண்டும்.