ஈவ்டீசிங்: ஒரு சொல்லின் கதை

நாளேடுகளில் 'ஈவ்டீசிங்' என்னும் சொல்லை நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். "அத்தா, இதற்கு என்ன பொருள்?" என்று வீட்டுப் பிள்ளை வினவினால், "பெண்களைக் கேலி செய்வது" என்று கூறிவிட்டு நகர்ந்து விடுவோம். அவ்விடை போதுமா?

பழைய ஆங்கிலத்தில் 'டீஸ்' என்னும் வினைக்குக் கேலி என்ற பொருளே கிடையாது. ஆட்டு ரோமத்தை நூற்பதற்கு முன் இழை இழையாகப் பிய்த்துப் பிரிப்பதையே அது குறித்தது. பஞ்சைப் பன்னுதல் என்று நம்மவர் கூறுவார்களே, அதைப் போன்றது. (அல்காரிஆ அத்தியாயத்தில் மறுமை நாளின் மலைகளுக்கு உவமையாக வருவதும் இவ்விதம் கோதப்பட்ட கம்பளியே.) நெய்த கம்பளித் துணியை ஒரு செடியின் காய்ந்த முட்தலையால் வருடி, அதன் மென்மயிரை எழுப்புவர். அம்முட்செடிக்கும் 'டீசல்' என்றே பெயர். லாரிக்கு ஊற்றும் டீசலுக்கும் இதற்கும் உறவில்லை. அது ஜெர்மானியப் பொறியாளர் ஒருவரின் பெயர்.

சிறுசிறு தொல்லைகளால் ஒருவர் மனத்தைப் பிய்த்தெடுப்பதற்கு இச்சொல் வழங்கலானது 17-ஆம் நூற்றாண்டில்தான். பின்னர் அது மேலும் தேய்ந்து, நண்பர்களிடையே நிகழும் விளையாட்டுக் கேலிக்கும் உரியதாயிற்று. தேய்ந்த அப்பொருளை எடுத்து, முன்னால் 'ஈவ்' என்பதைச் சேர்த்துக் கொண்டது நமது துணைக்கண்டம். இங்கிலாந்தில் இக்கூட்டுச்சொல் வழக்கில் இல்லை.

'ஈவ்' என்பவர் யார்? நம் அன்னை ஹவ்வா (அலை) அவர்களே! ஆணை மயக்கித் தவறிழைக்கச் செய்தவர் என்று மேலைநாட்டு மரபு அவர்கள்மீது பழி சுமத்தி வந்துள்ளது. திருக்குர்ஆனோ தவறியது இருவரும், இறைஞ்சி மன்னிப்புக் கேட்டதும் இருவரும் என்றே கூறுகிறது. ஆகவே இச்சொல்லை நாம் உச்சரிக்கும்போது, துன்புற்ற பெண்மீதே பாதிப் பழியை ஏற்றி, துன்புறுத்தியவனின் செயலை விளையாட்டாக்கி விடுகிறோம்.

அவ்விளையாட்டு 1998-இல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவியின் உயிரைக் குடித்தது. அவ்வாண்டே தமிழ்நாட்டில் தடைச் சட்டம் வந்தது. முதலில் 'ஈவ்டீசிங்' என்றே அதற்குப் பெயரிட்டவர்கள், பின்னர் அதை நீக்கிப் பெண்களைத் 'துன்புறுத்தல்' என்று திருத்தினர். இச்சொல் குற்றத்தின் கடுமையைக் குறைத்துக் காட்டுகிறது என்று 2011-இல் பங்களாதேஷ் உயர்நீதிமன்றமும் கூறி, பாலியல் துன்புறுத்தல் என்றே வழங்கப் பணித்தது.

நம் வீட்டுப் பேச்சில் மட்டும் அது இன்னும் கேலியாகவே இருந்து வருகிறது.