தொண்டுள்ளத்திற்குத் துணை பட்டப் படிப்பு

தோட்டத்தில் ஒரு குடும்பத்திற்குத் துன்பம் நேர்ந்தால், லயத்தில் வாழும் ஏனையோர் வாளாவிருப்பதில்லை. அரிசி கொடுப்பர், பணம் திரட்டுவர், பிள்ளைகளைக் கவனித்துக்கொள்வர். இப்பண்பு போற்றுதற்குரியது. ஆயினும், திரட்டிய பணம் செலவான பின்னர் அக்குடும்பத்தின் நிலை என்ன?

பால்மரம் வெட்டும் ஒருவர் வேலையின்போது விபத்துக்குள்ளானார் என்று கொள்வோம். அவருக்குரிய உதவித்தொகையை 'சொக்சோ' நிறுவனத்தில் கோர வேண்டும். பள்ளியை விட்டு நின்ற மூத்த பிள்ளையை மீண்டும் சேர்க்க வேண்டும். இளைய பிள்ளைக்குப் பிறப்புப் பத்திரம் இல்லையெனில், அதற்கும் வழி காண வேண்டும். மனமுடைந்த மனைவிக்குத் தேறுதலும் தேவை. இவற்றை ஒருங்கே ஆராய்ந்து, அக்குடும்பம் சொந்தக் காலில் நிற்கும்படி துணைபுரிவதே சமூகப் பணியாளரின் தொழிலாகும்.

இத்தொழிலுக்கு இரக்கம் அடிப்படை. ஆனால் அது மட்டும் போதாது. முறையான பயிற்சியும் வேண்டும். நம் நாட்டில், பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1975ஆம் ஆண்டில் இத்துறைக் கல்வியைத் தொடங்கி வழிகாட்டியது. பின்னர் மலேசிய சரவாக் பல்கலைக்கழகம் போன்றவையும் இப்பட்டப் படிப்பை ஏற்படுத்தின.

மனித நடத்தை, சமூகநலக் கொள்கை, ஆலோசனை கூறும் முறை, ஆய்வு ஆகியவற்றை மாணவர்கள் கற்கின்றனர். 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம், 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம் போன்றவற்றையும் அறிந்திருத்தல் அவசியம். ஏட்டுப் படிப்போடு களப்பயிற்சியும் உண்டு. மருத்துவமனை, நல இல்லம் முதலிய இடங்களில், அனுபவமிக்கவரின் மேற்பார்வையில் மாணவர் பணியாற்றுவார். தம்மிடம் கூறப்பட்டதை இரகசியமாகக் காப்பதும், உதவி நாடுவோர் தாமே முடிவெடுக்க இடமளிப்பதும் அங்குப் பழக்கத்தில் வருகின்றன. ஒரு வீட்டுப் பேச்சு மறு வீட்டிற்குக் கேட்கும் லயத்தில் வளர்ந்தவர்க்கு, இரகசியம் காப்பதன் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இப்படிப்பில் சேர விரும்புவோர், எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின்னர் ஆறாம் படிவத்தில் பயின்று எஸ்.டி.பி.எம். எழுதலாம்; அல்லது மெட்ரிகுலேஷன் வகுப்பிலோ, தகுந்த டிப்ளோமா படிப்பிலோ சேரலாம். அதன்பின் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு 'யூ.பி.யூ.' வாயிலாக விண்ணப்பிக்க வேண்டும். பணவசதி குறைந்தோர் 'பி.டி.பி.டி.என்.' கல்விக் கடனுக்கு மனுச் செய்யலாம். இது கடனே; படித்து முடித்தபின் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பதை மறத்தலாகாது.

பட்டம் பெற்றோர் சமூகநல இலாகா, மருத்துவமனைகள், தொண்டு நிறுவனங்கள் ஆகியவற்றில் பணியாற்ற முயலலாம். அங்கு பஹாசா மலேசியாவில் நல்ல தேர்ச்சி இன்றியமையாதது. தமிழறிவோ கூடுதல் பலம். பாரத்தில் எழுதியிருப்பது புரியாமல் திகைத்து நிற்கும் ஒரு மூதாட்டிக்கு, அவர் மொழியிலேயே விளக்கும் அதிகாரி எத்துணை ஆறுதலாக இருப்பார்!

பெற்றோரே! ஐந்தாம் படிவம் முடிந்ததும் கிடைத்த வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று எண்ணாதீர்கள். மகனாயினும் மகளாயினும், பிறர் துயர் கண்டு உதவ விரையும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கலாம். பள்ளி ஆசிரியரை இன்றே கலந்து பேசுங்கள். தோட்ட வாழ்வின் இன்னல்களை நேரில் அறிந்த அப்பிள்ளை, அவற்றைத் தீர்க்கும் முறையையும் கற்றுத் திரும்பட்டும்.