கடிதம் வந்த பிறகு...

எங்கள் அலவத்துகொடையில் ஒரு பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகிவிட்டால், அஸருக்குத் தெரிந்த செய்தி இஷாவுக்குள் ஊர் முழுக்கப் பரவிவிடும். உம்மா பக்கத்து வீடுகளுக்கு வட்டிலப்பம் அனுப்புவார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால், அந்தப் பிள்ளையின் புத்தகங்கள் எப்போதோ ஒரு பெட்டியில் கட்டப்பட்டு அலுமாரிக்கு மேலே ஏறியிருக்கும். அந்தப் பெட்டியைக் கண்டால்தான் எனக்குக் கவலை.

அமெரிக்காவில் பாடசாலையின் கடைசி வருடம் முடியுமுன்னரே பல்கலைக்கழகங்கள் இடம் தந்துவிடுகின்றன. இனியென்ன என்று படிப்பை விட்டவரின் புள்ளிகள் பெரிதாகச் சரிந்தால், தந்த இடத்தைத் திருப்பி எடுப்பதும் உண்டு. பிரித்தானியாவிலும் பெரும்பாலும் இன்ன பெறுபேறு வந்தால்தான் இடம் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி.

நமது நாட்டில் பரீட்சை முதலில், இடம் பிறகு. உயர்தரத்தின் இஸட் புள்ளி ஒருமுறை வந்துவிட்டால் அது குறையாது. ஆபத்தும் அதில்தான். 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023 ஜனவரி, பெப்ரவரியில் நடந்தது. பெறுபேறு செப்டம்பரில்தான் வந்தது. அதன்பின் வெட்டுப்புள்ளி, பதிவு, விரிவுரை ஆரம்பம் என்று இன்னும் பல மாதங்கள். இரண்டு வருடம் இரவுபகலாகப் படித்த பிள்ளை அவ்வளவு காலமும் புத்தகத்தைத் தொடாமல் இருந்தால் என்னவாகும்? குர்ஆனை மனனம் செய்து முடித்தவர் தினமும் மீட்டி ஓதாவிட்டால் என்னவாகும் என்று ஹிஃப்ழ் மத்ரஸாவில் கேட்டுப் பாருங்கள்.

என்னிடம் படித்த ஒரு மாணவி கலைப்பீடத்துக்குத் தெரிவானாள். காத்திருந்த காலம் முழுவதும் அடுப்படியும் கல்யாண வீடுகளுமாகக் கழிந்தது. பெண்பிள்ளை வீட்டில் சும்மா இருந்தால் எல்லா வேலையும் அவள் தலையில்தானே! முதலாம் ஆண்டுப் பெறுபேற்றைப் பார்த்துத்தான் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு செய்கிறார்கள் என்பதை அவள் அங்கே போன பிறகே அறிந்தாள். சொற்பப் புள்ளிகளால் அது தவறியது. நான்கு வருடச் சிறப்புப் பட்டம் படித்து விரிவுரையாளராக வர ஆசைப்பட்டவள், மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு திரும்பினாள். "உஸ்தாத், எனக்கு இத யாரும் சொல்லல்லயே" என்றாள். சொல்லாதவர்களில் நானும் ஒருவன்.

அவளை மிகவும் வருத்தியது ஆங்கிலம். பொது ஆங்கிலப் பாடத்தை உயர்தரத்தில் எழுதினாலும் இஸட் புள்ளிக்கு அது சேர்வதில்லை. அதனால் பிள்ளைகள் அதைக் கணக்கெடுப்பதேயில்லை. மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் ஆங்கிலத்தில்தான். தமிழில் படிக்கும் கலைப்பீட மாணவிக்கும் நூலகத்தில் கிடைப்பவை அதிகமும் ஆங்கில நூல்களே.

தாய்மாரே, பெரிய செலவொன்றும் வேண்டாம். காலையில் ஒரு மணித்தியாலம் அவளை அடுப்படிக்குக் கூப்பிடாமல் விடுங்கள். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றை அகராதியோடு வாசிக்கட்டும். அயலிலுள்ள சாதாரண தரப் பிள்ளைகள் இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுக்கட்டும். படித்தது மறக்காமலிருக்க அதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. கலைப்பீடத்துக்குப் போவதென்றால், முதலாம் ஆண்டில் எந்த மூன்று பாடங்களை எடுப்பது என்று ஏற்கனவே அங்கே படிக்கும் ஒருத்தியிடம் இப்போதே கேட்டு வைக்கலாம். பேராதனை நமக்குத் தூரமில்லை.

அந்த மாணவியின் தங்கை இப்போது பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கிறாள். போன வாரம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். முன் விறாந்தையில் மூன்று சிறுமிகள் கொப்பிகளோடு அவளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தேநீர் கொண்டு வந்தது தாத்தாதான்.