ஜெஞ்சாரோம் தந்த பாடம்: ஊரைத் திட்டமிடுவது யார் பொறுப்பு?

இரவு வந்தால் சன்னல்களை அடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நெகிழி எரியும் நெடி படுக்கையறை வரை வந்துவிடும். சிலாங்கூர், கோல லங்காட் மாவட்டத்தில் உள்ள ஜெஞ்சாரோம் வட்டார மக்களுக்கு 2018-ஆம் ஆண்டில் இருந்த நிலை இதுதான். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், அமைதியான சிறு பட்டணம், சீனப் புத்தாண்டுக் காலத்தில் விளக்கலங்காரத்தைக் காண ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் புத்தர் ஆலயம் என்று அறியப்பட்டிருந்த ஜெஞ்சாரோமின் பெயர், ஒரே ஆண்டில் உலக நாளேடுகளில் குப்பையோடு சேர்த்துப் பேசப்பட்டது.

அந்தக் குப்பை ஜெஞ்சாரோம் மக்கள் வீசியதன்று. பெரும்பகுதி கடல் கடந்து வந்தது. அப்படியானால் அது எப்படி வந்தது? யார் அனுமதித்தார்கள்? பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கூரையை நீட்டினாலே அறிக்கை அனுப்பும் மன்றம் இருக்கும் நாட்டில், தொழிற்சாலை ஒன்று அனுமதியே இல்லாமல் இயங்கியது எப்படி? இந்தக் கேள்விகளுக்கு விடை தேடினால், ஒரு வட்டாரத்தின் சுற்றுச்சூழலைத் திட்டமிடுவது என்றால் என்ன என்பதும் விளங்கும்.

கப்பல் திசை மாறிய கதை

1992 முதல் உலக நாடுகள் ஏற்றுமதி செய்த நெகிழிக் கழிவில் ஏறத்தாழ 45 விழுக்காடு சீனாவுக்கே போய்ச் சேர்ந்தது. 2018-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சீனா அந்தக் கதவை அடைத்தது. கழிவைச் சேர்த்து வைத்திருந்த பணக்கார நாடுகள் வேறு இடம் தேடின. மலேசியா 2016-இல் இறக்குமதி செய்த நெகிழிக் கழிவு சுமார் 168,500 டன். 2017-இல் அது 316,600 டன் ஆனது. 2018-இல் ஆண்டின் முதல் ஏழு மாதங்களில், முதன்மையான 10 நாடுகளிலிருந்து மட்டுமே வந்தது சுமார் 456,000 டன்.

இதில் ஜெஞ்சாரோம் ஏன் சிக்கியது என்பதற்கு வரைபடமே விடை சொல்லும். கிள்ளான் துறைமுகம் அருகில் இருக்கிறது. கொள்கலன் லோரி அதிக தூரம் ஓட வேண்டியதில்லை. விவசாய நிலம் வாடகைக்கு மலிவாகக் கிடைக்கும். செம்பனை மரங்களுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டால் சாலையில் போகிறவர் கண்ணில் படாது.

மறுசுழற்சி நல்ல காரியம்தானே என்று சிலர் கேட்கலாம். தூய்மையான, ஒரே வகையான நெகிழியை உருக்கி மணிகளாக்கி விற்றால் இலாபம் உண்டு. ஆனால் கொள்கலனில் வருவது பலவகை கலந்த அழுக்கு நெகிழி. அதில் விலை போகும் பகுதியை எடுத்துக்கொண்ட பின் மிஞ்சுவதை முறையாக அப்புறப்படுத்தப் பணம் செலவாகும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் இரவில் எரிப்பதும், குழி தோண்டிப் புதைப்பதும், ஆற்றோரம் கொட்டுவதும் நடந்தன. குறைந்த வெப்பத்தில் திறந்த வெளியில் நெகிழியை எரிக்கும்போது டையாக்சின் போன்ற நச்சுப் பொருள்கள் வெளியாகின்றன. சுருங்கச் சொன்னால், வணிகரின் செலவு மிச்சமானது. அந்தச் செலவை ஊராரின் நுரையீரல் ஏற்றுக்கொண்டது.

நான்கு கதவுகள், ஒரு புகார்

ஜெஞ்சாரோம் மக்கள் சும்மா இருக்கவில்லை. கோல லங்காட் சுற்றுச்சூழல் நடவடிக்கைச் சங்கம் என்ற பெயரில் ஒன்றுகூடினார்கள். சட்டவிரோதத் தொழிற்சாலைகள் இருக்கும் இடங்களைத் தேடிக் கண்டுபிடித்துப் பட்டியலிட்டார்கள். படங்கள் எடுத்தார்கள், அதிகாரிகளிடம் புகார் கொடுத்தார்கள்.

இங்கேதான் சாதாரண மனிதர் களைத்துப் போகும் இடம் வருகிறது. ஒரு தொழிற்சாலையின் வணிக உரிமமும் கட்டட அனுமதியும் ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. விவசாய நிலத்தில் தொழிற்சாலை நடத்துவது நில விதிமீறல் என்றால் அது மாவட்ட நில அலுவலகத்தின் பொறுப்பு. புகையும் கழிவுநீரும் மத்திய அரசின் சுற்றுச்சூழல் துறையைச் சேர்ந்தவை. கழிவை இறக்குமதி செய்ய அனுமதி கொடுப்பது மத்திய அரசின் இன்னொரு பிரிவு. ஒரே புகைக்கு நான்கு கதவுகளைத் தட்ட வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கதவிலும் "அது எங்கள் அதிகாரத்துக்குள் இல்லை" என்ற பதில் கிடைத்தால் அதைப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது.

ஆனாலும் அந்த மக்களின் விடாமுயற்சி வீண் போகவில்லை. 2018 ஜூலையில் 114 தொழிற்சாலைகளின் இறக்குமதி அனுமதியை மத்திய அரசாங்கம் தற்காலிகமாக மீட்டுக்கொண்டது. கோல லங்காட்டில் 30-க்கும் மேற்பட்ட சட்டவிரோதத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. 2019 மே மாதத்தில் அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ யின், சுமார் 3,000 டன் கழிவு வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்படும் என்று அறிவித்தார். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்கள், 3,737 டன் கழிவோடு 13 நாடுகளுக்குத் திரும்பிப் போயின. 2019-இல் திருத்தப்பட்ட பாசல் ஒப்பந்தத்தின் நெகிழிக் கழிவு விதிகள் 2021 ஜனவரி முதல் தேதி நடப்புக்கு வந்தன. 2025 ஜூலை முதல் தேதியிலிருந்து, அந்த ஒப்பந்தத்தில் சேராத நாடுகளிலிருந்து, குறிப்பாக அமெரிக்காவிலிருந்து, நெகிழிக் கழிவு வருவதை மலேசியா நிறுத்தியது.

வெற்றிதான். ஆனால் தொழிற்சாலைகள் மூடப்பட்டபோது ஆயிரக்கணக்கான டன் கழிவு ஜெஞ்சாரோமிலேயே கிடந்தது. மூடப்பட்ட நிறுவனங்களில் சில வேறு மாநிலங்களுக்கு இடம் மாறியதாகவும் செய்திகள் வந்தன. ஓர் ஊர் மட்டும் விழித்துக்கொண்டால் புகை அடுத்த ஊருக்குப் போகும். எனவேதான் திட்டமிடல் என்பது ஒரு தாமானோடு நின்றுவிடக்கூடிய காரியமன்று.

பெட்டாலிங் ஜெயாவின் முயற்சி

1992-இல் பிரேசிலின் ரியோ நகரில் நடந்த பூமி மாநாட்டில் 'அஜெண்டா 21' என்ற செயல்திட்டம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதன் 28-ஆவது அத்தியாயம் ஊராட்சி மன்றங்களைப் பற்றியது. சுற்றுச்சூழல் சிக்கல்களில் பெரும்பாலானவை உள்ளூரில் தோன்றுகின்றன, எனவே ஒவ்வொரு மன்றமும் தன் மக்களுடன் கலந்து பேசி ஓர் உள்ளூர்ச் செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

மலேசியாவில் 2000-ஆம் ஆண்டில் இதற்கு முன்னோடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை பெட்டாலிங் ஜெயா, குவாந்தான், மீரி, கிரியான் ஆகிய நான்கு மன்றங்கள். மன்றம், மக்கள், வணிகர் ஆகிய மூன்று தரப்பும் ஒரே மேசையில் அமர்வதே இதன் அடிப்படை. 2006-இல் மாநகராகத் தகுதி உயர்ந்த பெட்டாலிங் ஜெயா, 2011 முதல் இன்னொரு வழியையும் கையாண்டது. மழைநீரைச் சேகரிப்பவர், மின்சாரத்தைச் சிக்கனப்படுத்துபவர், சமையலறைக் கழிவை உரமாக்குபவர் போன்ற வீட்டுக்காரர்களுக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு கொடுத்தது. அபராதத்துக்கு அஞ்சி நடப்பதைக் காட்டிலும் வரி குறையும் என்று நடப்பது எளிது என்பதை அந்த மன்றம் புரிந்துகொண்டது.

ஜெஞ்சாரோமையும் பெட்டாலிங் ஜெயாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் ஏற்றத்தாழ்வு தெரிகிறது. வசதியும் படிப்பும் உள்ள மாநகரில் குடியிருப்பாளர் சங்கங்கள் வலுவாக உள்ளன. தோட்டப்புறத்தை ஒட்டிய சிறு பட்டணத்திலோ மக்கள் புகை வந்த பிறகுதான் ஒன்றுகூட வேண்டியிருந்தது. ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டதிலிருந்து மன்ற உறுப்பினர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. வாக்குச் சீட்டால் கேட்க முடியாததை மனுவால் கேட்க வேண்டியிருக்கிறது.

காட்டைக் காத்த மனுக்கள்

மனுவுக்குப் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்குக் கோல லங்காட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. 2020-இல் கோல லங்காட் வட வனப் பாதுகாப்புப் பகுதியில் சுமார் 930 ஹெக்டரை வன அந்தஸ்திலிருந்து நீக்க மாநில அரசு திட்டமிட்டது. அது நீரைத் தேக்கி வைக்கும் சதுப்புக் காடு. வறண்டால் நாள்கணக்கில் உள்ளேயே புகைந்து எரியக்கூடியது. தெமுவான் பழங்குடி மக்களின் வாழ்வும் அதனோடு பிணைந்தது. 45,000-க்கும் மேற்பட்ட ஆட்சேபங்கள் குவிந்தன. இருந்தும் 2021 ஆகஸ்டில் சுமார் 536 ஹெக்டர் நீக்கப்பட்ட செய்தி வெளியானது. எதிர்ப்பு இன்னும் வலுத்தது. 2021 செப்டம்பரில் மந்திரி புசார் அமிருடின் ஷாரி அந்த முடிவு மீட்டுக்கொள்ளப்படுவதாக அறிவித்தார்.

பூங்காவா, வீடா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதைப் பேசாமல் விடுவது நியாயமாகாது. கோலாலம்பூர் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் உள்ள ரிம்பா கியாரா பூங்காவில் உயர்மாடிக் குடியிருப்புகள் கட்ட 2017-இல் அனுமதி வழங்கப்பட்டது. குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பொதுமக்களுக்கு வாக்களித்த பசுமை நிலத்தை எளிதில் மாற்றிவிட முடியாது என்பதற்கு அது பெரிய முன்னுதாரணம்.

ஆனால் அதே இடத்தின் ஓரத்தில் ஒரு நீண்ட வீடு இருக்கிறது. புக்கிட் கியாரா தோட்டத்தில் பால் மரம் சீவிய தொழிலாளர் குடும்பங்கள் 1980-களிலிருந்து அங்கே நிரந்தர வீட்டுக்காகக் காத்திருந்தன. அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அந்தக் கட்டுமானத் திட்டத்தின் ஒரு பகுதி அவர்களுக்கான வீடுகள். பூங்கா வேண்டும் என்றவர்களும் தவறு செய்யவில்லை, வீடு வேண்டும் என்றவர்களும் தவறு செய்யவில்லை. தோட்டம் துண்டாடப்பட்ட காலத்திலேயே அவர்களுக்கு நிலம் ஒதுக்கியிருந்தால் இந்த இரு தரப்பும் எதிரெதிரே நிற்க வேண்டிய தேவையே வந்திராது. ஏழைகளை மறந்த பசுமைத் திட்டம் பாதித் திட்டம்தான்.

நாம் செய்யக்கூடியது என்ன?

1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஊராட்சி மன்றம் தன் பகுதிக்கு வட்டாரத் திட்டம் ஒன்றை வரைய வேண்டும். எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிற்சாலைக்கு, எது பூங்காவுக்கு, எது விவசாயத்துக்கு என்று வண்ணம் தீட்டிக் காட்டும் வரைபடம் அது. அதன் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, குறிப்பிட்ட காலத்துக்குள் ஆட்சேபங்களைக் கேட்டாக வேண்டும். நாளேடுகளில் வரும் அந்த அறிவிப்பை நம்மில் எத்தனை பேர் படிக்கிறோம்?

அறிவிப்பு வந்தால் மன்ற அலுவலகத்துக்குப் போய் உங்கள் வீடு இருக்கும் இடத்தை வரைபடத்தில் தேடுங்கள். பக்கத்து நிலம் என்ன வண்ணத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மாற்றம் இருந்தால் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபம் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

புகை வந்தால் தேதி, நேரம், இடம், லோரியின் பதிவு எண் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஒரே புகாரை மன்றம், நில அலுவலகம், சுற்றுச்சூழல் துறை ஆகிய மூன்றுக்கும் அனுப்பி, யார் யாருக்கு அனுப்பப்பட்டது என்று கடிதத்தின் அடியில் குறிப்பிடுங்கள். ஒருவர் மற்றவரைக் கை காட்டுவது அப்போது கடினமாகும். 2024-இல் திருத்தப்பட்ட சுற்றுச்சூழல் தரச் சட்டம், தூய்மைக்கேட்டுக்கான உச்ச அபராதத்தை 1 கோடி வெள்ளி வரை உயர்த்தியிருக்கிறது. சட்டத்துக்குப் பல் முளைத்துவிட்டது. அது கடிப்பதற்குச் சாட்சியும் சான்றும் தேவை.

ஆலயக் கூட்டத்திலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் நம்மவர்கள் திருவிழாவைப் பற்றியும் கட்டட நிதியைப் பற்றியும் பேசுகிறார்கள். அந்த நிகழ்ச்சி நிரலில் வட்டாரத் திட்டத்துக்கும் பத்து நிமிடம் ஒதுக்கலாம். ஜெஞ்சாரோம் மக்கள் மூச்சுத் திணறிய பிறகே வரைபடத்தைத் தேடினார்கள். மற்ற ஊர்களுக்கு அந்த வரைபடத்தை இப்போதே விரித்துப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது.